சிறைக்குள்ளிருந்து வந்த கேள்வி

ஞாயிறு பள்ளியில் நான் பெற்ற முதல் பரிசு, மேசியாவைக் குறித்த தீர்க்கதரிசனங்களையும் அவை நிறைவேறிய வசனங்களையும் பிழையின்றி ஒப்புவித்ததற்காகக் கிடைத்தது. தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஏசாயா, மீகா, சகரியா. வலப்பக்கம் மத்தேயு, லூக்கா, யோவான். கன்னிகை கர்ப்பவதியாவாள் என்பதற்கு எதிரே மரியாள், பெத்லெகேம் எப்பிராத்தா என்பதற்கு எதிரே முன்னணை, கழுதையின்மேல் ஏறி வரும் ராஜா என்பதற்கு எதிரே குருத்தோலைகள். அந்த ஒரு கோட்டுக்குள் ஏறத்தாழ 700 ஆண்டுகள் அடங்கியிருந்தன என்பதும், அத்தனை ஆண்டுகளும் மனிதர்கள் பிறந்து, காத்திருந்து, காணாமலே இறந்துபோனார்கள் என்பதும் அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் அதே பாடத்தை நான் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நான் குறித்துக் கொடுத்த வசனத்தோடு நிற்காமல் ஏசாயா ஏழாம் அதிகாரத்தை முதலிலிருந்தே வாசித்துவிட்டு, "எதிரிகள் படையெடுத்து வரும்போது, 700 வருஷம் கழித்து ஒரு குழந்தை பிறக்கும் என்று சொன்னால் அந்த ராஜாவுக்கு அதனால் என்ன ஆறுதல், அக்கா?" என்று கேட்டாள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபின் அந்த அதிகாரத்தை மீண்டும் மீண்டும் வாசித்தேன். அவள் கேட்டதே சரியான கேள்வி என்று தெரிந்தது.

கி.மு. 735ஐ ஒட்டிய காலம் அது. சீரியாவின் ராஜாவாகிய ரேத்சீனும் இஸ்ரவேலின் ராஜாவாகிய பெக்காவும் கூட்டுச் சேர்ந்து, யூதாவின் ராஜாவாகிய ஆகாசை நீக்கிவிட்டுத் தங்களுக்கு இணங்கிய ஒருவனை எருசலேமில் அமர்த்தப் புறப்பட்டிருந்தார்கள். செய்தி வந்தபோது ராஜாவின் இருதயமும் ஜனத்தின் இருதயமும் காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல் அசைந்தன என்று வேதம் சொல்லுகிறது. வண்ணார்துறைக்குப் போகும் வழியில், மேற்குளத்து மதகின் அருகே, ஏசாயா தம் சிறு மகனையும் கூட்டிக்கொண்டு போய் ராஜாவைச் சந்திக்கிறார். முற்றுகை வந்தால் நகரத்துக்குத் தண்ணீர் இருக்குமா என்று பார்க்கவே ராஜா அங்கே போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த இடத்தில், கர்ப்பவதியாகும் ஒருத்தி பெறப்போகும் பிள்ளையின் பெயராகச் சொல்லப்பட்ட வார்த்தைதான் இம்மானுவேல், 'தேவன் நம்மோடிருக்கிறார்'. பிறக்கப்போகும் பிள்ளை தீமையை வெறுத்து நன்மையைத் தெரிந்துகொள்ள அறியும் முன்னே, நீ அஞ்சுகிற அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாய்க் கிடக்கும் என்று அடுத்த வசனங்கள் தெளிவாகச் சொல்லுகின்றன. கி.மு. 732இல் சீரியாவின் தலைநகராகிய தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது. 722இல் இஸ்ரவேலின் தலைநகராகிய சமாரியா விழுந்தது. ஆகாசுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் ஆகாசின் காலத்துக்கே உரியதாய் இருந்தது. கன்னிகை என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் நிற்கும் 'அல்மா' என்ற சொல் இளம்பெண்ணைக் குறிக்கிறது. பின்னாளில் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் கன்னியைக் குறிக்கும் 'பார்த்தெனோஸ்' என்ற சொல்லை எழுதினார்கள். மத்தேயு எடுத்தாண்டது அந்தக் கிரேக்கத்தை.

இதை முதலில் அறிந்தபோது, என் தாளின் இடப்பக்கத்திலிருந்து ஒரு வரியை யாரோ அழித்துவிட்டதுபோல் கலங்கினேன். இன்று கலங்கவில்லை. 'தேவன் நம்மோடிருக்கிறார்' என்ற பெயர் தமஸ்கு விழுந்ததோடு தீர்ந்துபோகக்கூடிய பெயர் இல்லை. அச்சத்தில் நடுங்கும் ஒரு நகரத்துக்கு ஒருமுறை சொல்லப்பட்ட அந்த வார்த்தையை, சொல்லப்பட்ட இடத்தோடும் அச்சத்தோடும் சேர்த்தே மத்தேயு கையில் எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நம்முடைய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் இருப்பதைப் பற்றி அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. பழைய மொழிபெயர்ப்பு 'தீர்க்கதரிசி' என்கிறது. தொலைவில் உள்ளதைக் காண்பவர் என்று பொருள். திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்கிறது. இறைவனுடைய வாக்கை உரைப்பவர். எபிரெய வேதத்திலும் இவ்விரண்டு பார்வைகளும் உண்டு. இந்நாளில் தீர்க்கதரிசி எனப்படுகிறவன் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் எனப்பட்டான் என்று சாமுவேலின் புத்தகமே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. நான் வளர்ந்த சபையில் முதற்சொல்லே வழங்கியது. எனக்கு அதுதான் தாய்ச்சொல்லாய் இனிக்கிறது. ஆனாலும் ஆமோசையும் ஓசியாவையும் எரேமியாவையும் முழுதாக வாசிக்கிறவர்களுக்கு இரண்டாம் சொல்லின் நியாயம் புரியும். அவர்களுடைய பக்கங்களில் பெரும்பகுதி வருங்காலத்தைப் பற்றியது இல்லை. கள்ளத்தராசைப் பற்றியது, விதவையின் வழக்கைப் பற்றியது, பலிகளால் கடவுளை வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறவர்களைப் பற்றியது. வருவதை அவர்கள் சொன்னதெல்லாம் இன்றைய நாளைப் பார்த்து உரைத்ததன் தொடர்ச்சியாகவே வந்தது.

மேசியா என்ற சொல்லும் முதலில் எதிர்காலத்துக்கு உரியதாய் இருக்கவில்லை. எண்ணெயால் அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்பதே அதன் பொருள். தன்னைக் கொல்லத் தேடிய சவுலைக் குகையில் தனியாகக் கண்டபோதும், அவன் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன் என்று சொல்லித் தாவீது கையை அடக்கிக்கொண்டான். அங்கே வரும் சொல் இதுவே. இஸ்ரவேலின் தேவனை அறியாத பாரசீக ராஜாவாகிய கோரேசுக்கும் ஏசாயா 45 இந்தச் சொல்லையே கொடுக்கிறது. உன் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைபெற்றிருக்கும் என்று நாத்தான் தாவீதுக்குச் சொன்ன வாக்கை நம்பி, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர்பின் ஒருவராக ராஜாக்கள் எருசலேமில் அபிஷேகம் பண்ணப்பட்டார்கள். கி.மு. 586இல் பாபிலோனியர் நகரத்தை எரித்தார்கள். கடைசி ராஜாவாகிய சிதேக்கியாவின் கண்முன்னே அவன் குமாரரைக் கொன்று, பின்பு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். சிங்காசனம் காலியானது. தாவீதுக்கு ஆணையிட்ட உம்முடைய பூர்வ கிருபைகள் எங்கே என்று 89ஆம் சங்கீதம் கேட்பது அந்த வெறுமையின் முன்னால் நின்றுதான். கண்முன் இருந்த ராஜாவைக் குறித்த சொல், ராஜா இல்லாத காலத்தில் வரப்போகிறவரைக் குறிக்கும் சொல்லாக மாறியது. ஜனம் பாபிலோனின் சிறையிருப்பிலிருந்து திரும்பியபின் தாவீதின் வம்சத்தானாகிய செருபாபேலை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று கர்த்தர் சொல்லுகிறார் என ஆகாய் தீர்க்கதரிசி உரைத்தார். அதன்பின் செருபாபேலுக்கு என்ன நேர்ந்தது என்பதை வேதம் எங்கும் சொல்லவில்லை. ஒரு பெயர் எழும்பி, மௌனத்தில் மறைந்துபோகிறது. அப்படியிருந்தும் அந்த ஜனம் அந்த வாக்கைக் கைவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இங்கே என் சொந்த வாழ்க்கையின் ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். என் தம்பி நோயுற்றுப் படுத்திருந்த நாட்களில், ஜெபிக்க வந்த ஒருவர் அவன் தலையின்மேல் கைவைத்து, "இவன் பிழைப்பான், தன் பிள்ளைகளின் பிள்ளைகளைக் காண்பான் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று தீர்க்கதரிசனம் உரைத்தார். அம்மா அந்த வார்த்தையைத் தேதியோடு வேதாகமத்தின் பின்னட்டையில் எழுதி வைத்தார். மூன்று மாதங்களில் தம்பி இறந்துபோனான். எங்கள் விசுவாசத்தில் குறை இருந்திருக்க வேண்டும் என்று பிறகு எங்களிடம் சொல்லப்பட்டது. சொன்னவர்மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அவரும் அவன் பிழைக்க வேண்டும் என்று மனதார விரும்பினார் என்றே நம்புகிறேன். ஆனால் அம்மா அந்தப் பின்னட்டையை ஒரு தாளால் ஒட்டி மறைத்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

எரேமியா 28ஆம் அதிகாரத்தை நான் அதற்குப் பிறகுதான் உண்மையில் வாசித்தேன். பாபிலோனின் நுகம் இன்னும் இரண்டே வருஷங்களில் முறிக்கப்படும் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். அந்த அறிவிப்பைக் கேட்டதும் எரேமியா முதலில் சொன்ன வார்த்தை, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பது. அனனியா சொன்னது நடக்க வேண்டும் என்று அந்த நகரத்தில் எவரையும்விட எரேமியா அதிகமாய் விரும்பியிருப்பார். விரும்பினது வேறு, கேட்டது வேறு என்று பிரித்தறியும் வேதனையே தீர்க்கதரிசியின் வேலையாக இருந்தது. அன்று அவர் மேலும் வாதாடாமல் தம் வழியே போய்விட்டார். பிற்பாடுதான், மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகத்தை உண்டாக்கினாய் என்ற வார்த்தையோடு திரும்பி வந்தார். இரண்டு வருஷம் அல்ல, 70 வருஷம் என்று அவர் பாபிலோனுக்குக் கடிதம் எழுதினார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது.

இதே எரேமியா, நகரம் விழும் தறுவாயில், பாபிலோனியரின் முற்றுகைக்கு நடுவே, காவற்சாலையின் முற்றத்தில் தாமே அடைபட்டிருந்தபோது, ஆனதோத்தில் இருந்த ஒரு நிலத்தைத் தம் தகப்பனுடைய சகோதரன் மகனிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். எதிரியின் கூடாரங்கள் நிற்கும் நாட்டில் நிலம் வாங்குகிறவர் யார் இருக்கிறார்? வெள்ளியைத் தராசில் நிறுத்தி, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் தம் எழுத்தராகிய பாருக்கினிடம் கொடுத்து, அவை நெடுநாள் இருக்கும்படி மண்பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். இனி இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கொள்ளப்படும் என்பதே அதன் பொருள். அனனியாவின் வார்த்தை அன்றைக்கே ஆறுதல் கொடுத்தது. எரேமியாவின் நம்பிக்கை ஒரு கிரயப் பத்திரமாக மண்பாத்திரத்துக்குள் கிடந்தது. அந்த நிலத்தில் அவர் ஒரு நாளும் விதைத்ததாக வேதம் சொல்லவில்லை. ஓடிப்போன ஜனத்தோடு அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மண்பாத்திரம் என்றதும் என் நினைவு சவக்கடல் ஓரத்துக் குகைகளுக்குப் போகிறது. 1947இல் கும்ரானுக்கு அருகே ஆடு மேய்த்தவர்கள் கண்டெடுத்த முதல் சுருள்களில் சில, மண்ஜாடிகளுக்குள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஏசாயாவின் சுருள். 17 தோல்துண்டுகளைத் தைத்து, 54 பத்திகளாக எழுதி, ஏழு மீட்டருக்கும் மேலாக நீளும் அந்தச் சுருள், கிறிஸ்துவுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது. அந்தச் சுருள்களைப் பேணிவைத்த யூதச் சமூகத்தினர் காத்திருந்தவர்கள். அந்தச் சமூகத்தின் ஒழுங்குநூல், ஒரு தீர்க்கதரிசியும், ஆரோனின் மேசியாவும், இஸ்ரவேலின் மேசியாவும் வரும்வரை என்று பேசுகிறது. ஆசாரியர் ஒருவர், ராஜா ஒருவர் என இரண்டு மேசியாக்களை அவர்கள் எதிர்பார்த்தார்கள். நான்காம் குகையில் கிடைத்த ஒரு சிறு துண்டு, வானமும் பூமியும் செவிகொடுக்கப்போகும் மேசியாவைச் சொல்லிவிட்டு, கர்த்தர் செய்யப்போகிறவற்றை அடுக்குகிறது: கட்டுண்டவர்களை விடுவிப்பார், குருடரின் கண்களைத் திறப்பார், மரித்தோரை உயிர்ப்பிப்பார், எளியோருக்கு நற்செய்தி அறிவிப்பார்.

இந்தத் துண்டைப் பற்றி அறிந்த பின்னர்தான் மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கூர்மை எனக்கு உறைத்தது.

யோவான்ஸ்நானன் சிறையில் இருக்கிறார். சவக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டையில் அவர் அடைக்கப்பட்டார் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். வருகிறவரை விரல் நீட்டிக் காட்டியவர், கோடரியானது மரங்களின் வேர் அருகே வைத்திருக்கிறது என்று முழங்கியவர், தம் சீஷரில் இரண்டுபேரை அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று கேட்கச் சொல்லுகிறார். இயேசு கொடுத்த விடை ஏறத்தாழ முழுவதும் ஏசாயாவின் சொற்களால் ஆனது. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது. ஆனால் ஏசாயா 61இல் தரித்திரருக்குச் சுவிசேஷம் என்ற சொற்களைத் தொடர்ந்து அதே வசனத்தில் வருவது, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையும் கட்டுண்டவர்களுக்குக் கட்டவிழ்த்தலும். நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் அந்தச் சொற்களைத் தம் வாயாலே வாசித்தவர், சிறையில் இருக்கும் மனிதருக்கு அனுப்பிய விடையில் அவற்றை விட்டுவிட்டார். ஏசாயாவை மனப்பாடமாய் அறிந்திருந்த யோவானுக்கு எந்தச் சொல் இல்லை என்பது உடனே தெரிந்திருக்கும். கடைசியாக இயேசு சொன்னது, தம்மிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் பாக்கியவான் என்பது. அந்த வாக்கியத்தில் இயேசுவின் குரல் தழைந்து ஒலித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேசியா வந்திருக்கிறார், சிறைக்கதவு திறக்கவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை நிற்கும் இடம் இதுதான் என்று நான் எண்ணுகிறேன். இதை மறைத்துவிட்டு, எல்லாம் நிறைவேறிவிட்டது, கணக்கு முடிந்தது என்று பேசுகிறவர்கள் யூதர்கள் ஏன் நம்பவில்லை என்று வியக்கிறார்கள். 1263இல் பார்சிலோனாவில், அரகோனின் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் நடந்த வாதத்தில், மோசே பென் நாக்மான் என்ற யூத ரபீ இதைத்தான் எடுத்து வைத்தார். ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை என்று மேசியாவின் காலத்தைப் பற்றி வேதம் சொல்லுகிறது; இயேசுவின் நாள் முதல் இன்றுவரை உலகம் கொடுமையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியை அவமதிப்பாக எண்ணாமல் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தால், பின்வந்த நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களின் கை யூதர்களுக்கு இழைத்தவற்றில் எத்தனையோ நடவாமல் போயிருக்கும். அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டியைப்போல் பாடுபடும் கர்த்தரின் தாசனைப் பற்றிய ஏசாயா 53இல் நான் இயேசுவைக் காண்கிறேன். பாடுபட்ட இஸ்ரவேல் ஜனத்தையே அந்தத் தாசனாகக் கண்ட ராஷி போன்ற இடைக்கால யூத அறிஞர்கள், இஸ்ரவேலே, நீ என் தாசன் என்ற 49ஆம் அதிகாரத்தின் வசனத்தைக் காட்டும்போது, அவர்கள் கண்மூடித்தனமாகப் பேசுகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கெட்டோக்களிலும் வதைமுகாம்களிலும் யூதர்கள், அவர் தாமதித்தாலும் அவர் வருவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருப்பேன் என்ற தங்கள் விசுவாச அறிக்கையைப் பாடினார்கள். அந்தப் பாடலின் முன்னால் என் இரண்டு பத்தித் தாளை எடுத்து நீட்ட எனக்குத் துணிவில்லை. யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பு வீணானது அல்ல, நாமும் அவர்களைப்போல் காத்திருப்பவர்களே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையம் 2001இல் எழுதியது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் அந்த வரியை நன்றியோடு வாசித்தேன்.

அப்படியானால் நிறைவேறுதல் என்பதுதான் என்ன? மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு நிரப்புதல் என்பது அடிப்படைப் பொருள். நம் 'நிறைவேறியது' என்ற சொல்லுக்குள்ளும் அந்த நிறைவு இருக்கிறது. எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன் என்று ஓசியா எழுதியபோது அவர் முன்னோக்கிப் பார்க்கவே இல்லை. பழைய விடுதலையைத் திரும்பிப் பார்த்துப் புலம்பினார். ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குப் போன குழந்தை திரும்பி வருவதில் அந்த வார்த்தை நிறைவேறியது என்று மத்தேயு சொல்லும்போது, முன்பே இருந்த ஒரு பாத்திரத்தில் மேலும் வார்க்கப்படுகிறது. பாத்திரம் விளிம்புவரை வந்துவிட்டது என்று அவரும் சொல்லவில்லை. ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும் நாளை நாம் இன்னும் பார்க்கவில்லை. முதற் கிறிஸ்தவர்கள் தங்கள் அரமேய மொழியிலேயே காத்து வைத்த ஜெபம் 'மாரநாதா', எங்கள் ஆண்டவரே வாரும் என்பது. வந்தவரை நோக்கியே வாரும் என்று கூப்பிடுகிற அந்த ஜெபத்தோடுதான் நம் வேதாகமமும் முடிவடைகிறது.

ஏசாயா ஏழாம் அதிகாரத்தைக் குறித்துக் கேட்ட அந்தச் சிறுமிக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, அந்த ராஜாவுக்குக் கிடைத்த ஆறுதல் என்ன என்பதை எட்டாம் அதிகாரம்வரை அவளோடு சேர்ந்து வாசித்தேன். யாக்கோபின் குடும்பத்துக்குத் தமது முகத்தை மறைக்கிற கர்த்தருக்காகக் காத்திருப்பேன் என்று ஏசாயா சொல்லும் வசனம் அங்கே இருக்கிறது. அவள் அதை அடிக்கோடிட்டுக்கொண்டாள்.

யோவான் அந்த விடையை எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதை எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. மூன்று அதிகாரங்கள் கழித்து மத்தேயு அவருடைய மரணத்தை எழுதுகிறார். சீஷர்கள் வந்து உடலை எடுத்து அடக்கம்பண்ணினார்கள்; பின்பு இயேசுவினிடத்தில் போய் அதை அறிவித்தார்கள். விடுதலை என்ற சொல் இல்லாத விடையைச் சுமந்துகொண்டு சிறைக்குத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில், அம்மா என்னிடம் வேதாகமத்தைக் கொடுத்து ஏதாவது வாசி என்றார். எனக்கு வாசிக்கக் கிடைத்தது அந்த வசனம்தான். அம்மா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். போய் அறிவித்தார்கள் என்ற இடம் வந்ததும், எழுந்து முழங்கால் போட்டார்.